சண்முகத்துக்கு, தாராவியிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு வடாலாவில் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் சுமார்தான், ஆனால் பக்கம்.

"பீடியை விட்டுவிட்டேன், இப்போது குட்கா பாக்கெட் மட்டும்தான்" என்று ஏதோ சாதித்த மாதிரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் உடனே பதில் எழுதுகிறேன். போகிற போக்கில், குழம்பு வாயில் எரிகிறது, தங்கச்சி மிளகாயை அள்ளிப் போடுகிறாள் என்றும் ஒரு வரி. இத்தனை வருஷமாக அதே கை வைக்கிற குழம்புதானே? அவள் மேல் ஏன் பழி?

ரிட்டையர் ஆனபிறகு நான் அவ்வப்போது பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். ஊர்ப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தி பேச ஓர் ஆள் வேண்டுமே. வெளியே நடைபாதையிலேயே குடும்பத்தோடு பாயை விரித்துக் கிடப்பார்கள். வாயில் புற்றுநோய் என்று வந்தவர்களில் என்னிடம் பேசிய பலரும், "முதலில் வலியே இல்லையே அண்ணாச்சி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படை படர்ந்தால் அது பெரும்பாலும் வலிக்காது. சிவப்பாக இருந்தால் இன்னும் மோசம், அதுவும் ஆரம்பத்தில் சும்மாதான் இருக்கும். ஈறும் அப்படித்தான். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், புகைப்பவனுக்கு ஈறு கெட்டாலும் அவ்வளவாக ரத்தம் வராது. பல் ஆடும்போதுதான் விஷயம் தெரியும். "பீடி குடிச்சும் என் ஈறு கல்லு மாதிரி" என்று நீ பீற்றிக்கொள்வாயே, அதை நான் இப்போது நம்புவதில்லை.

பாக்கெட்டில் புகை இல்லை, சரி. புகையிலை இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, பாக்கு இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோடின் இன்னும் வேகமாக ஏறும், அதனால்தான் விட முடிவதில்லை. பாக்கை நாம் தாம்பூலத் தட்டில் பார்த்தே வளர்ந்தவர்கள், சொன்னால் கோபம் வரும். ஆனால் புகையிலை கலக்காத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகத்தான் வைத்திருக்கிறது. பாக்கை ஓயாமல் அடக்கி வைத்தால் கன்னத்துக்குள் சதை நார் நாராக இறுகும். முதலில் காரம் எரியும். அப்புறம் வாய் திறப்பது குறையும். இறுகியது பழையபடி இளகுவது அரிது, சிலருக்கு அதுவே புற்றுநோயாகவும் திரும்பும். என் அடுத்த வரிசை வீட்டுப் பையனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, இட்லியைப் பிட்டுப் பிட்டு இடுக்கு வழியாகத் தள்ளுகிறான்.

இங்கே 2012-லேயே குட்காவைத் தடை செய்தார்கள். பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று தனித்தனியாக விற்றார்கள். வாங்குகிறவன் உள்ளங்கையில் கலந்துகொண்டான். துப்புகிறவர்களுக்குப் பயந்து மாடிப்படி மூலையெல்லாம் சாமி பட ஓடு பதித்திருக்கிறார்கள். கீழ்வீட்டு மராத்திக்கார ஆஜியோ வறுத்த புகையிலைப் பொடியான மிஸ்ரியால்தான் பல் விளக்குகிறாள், கேட்டால் பல்லுக்கு நல்லதாம்! நம்ம ஊரிலும் 2013-லேயே தடை வந்ததே, உனக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு உன் மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட்டுப் பார். போகவில்லை என்றால் நாளைக்கே கிளம்பு. போனாலும் அந்த எரிச்சலுக்காக ஒருமுறை காட்டியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஏதாவது இருந்தால் அதையும் சொல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், காசும் ஆகாது. விட முடியவில்லை என்றால் 1800112356 என்ற இலவச எண்ணில் பேசு. நிறுத்தினாலே சிலருக்கு அந்த வெள்ளைப் படை மங்கி மறைவதும் உண்டு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. தங்கச்சியை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது, நீ பாதியை மறைப்பாய்.

அன்புடன்,
ஆறுமுகம்