சோலோ விபத்து பற்றிப் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் நம்மிடம் பைலட் தேர்வுக்குப் படித்துப்போன தம்பி ஒருவர், வெளிமாநிலப் பள்ளியில் தனியாக ஓட்டிய விமானம் இறங்கும்போது ரன்வேயை விட்டு விலகிவிட்டது. சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் போன். அதனால் எழுதியே விடுகிறோம்.

தம்பி நலம். தோளில் பெல்ட் அழுத்திய தடம் மட்டும்தான். முன்சக்கரம் சேற்றில் மடிந்து விமானம் நின்றதும், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்தும் மிக்சர் பிடியை இழுத்து, பெட்ரோல் வால்வை மூடி, மாஸ்டர் சுவிட்சை அணைத்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். பாடம் மறக்கவில்லை.

காரணத்தை விசாரணை சொல்லட்டும். பொதுவாக சோலோவில், அதாவது பிள்ளை தனியாக ஓட்டும்போது, எங்கே இடறும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

பக்கத்து சீட்டில் இன்ஸ்ட்ரக்டர் இல்லை. எழுபது எண்பது கிலோ குறைகிறது. செஸ்னா 172 மாதிரி சின்ன விமானத்துக்கு அது பெரிய வித்தியாசம். பழகிய வேகத்திலேயே வந்தாலும் தரையில் உட்காராமல் மிதக்கும். அவசரப்பட்டு மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் பட்டு எகிறும். அதை அடக்கப் போனால் அடுத்த குதி இன்னும் மோசம். பக்கக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆடி மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பைக் ஓட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 172-இன் கையேட்டில் 15 நாட் பக்கக் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வரை இறக்கிக் காட்டியதாக இருக்கும். அது கைதேர்ந்த சோதனை பைலட் செய்தது. புதுப் பிள்ளைக்கு வரம்பு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

குதித்தால், எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கக் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வரலாம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்புறம் ஏன் சிலர் செய்வதில்லை? சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்க 200 மணிநேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணிநேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்ட வேண்டும். லோன் வட்டி ஒரு பக்கம் ஓடுகிறது. ராத்திரி போன் போட்டு "எத்தனை மணிநேரம் ஆச்சு, பக்கத்து வீட்டுப் பையன் முடிச்சிட்டானாமே" என்று கேட்டால், மறுநாள் பிள்ளை எப்படியாவது இறக்கிவிடத்தான் பார்க்கும். தயவுசெய்து கேட்காதீர்கள். "ரெண்டு தடவை சுத்திட்டுத்தான் இறங்கினேன்" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

பள்ளியில் பணம் கட்டும்முன் ஒன்று கேளுங்கள்: முதல் சோலோவுக்குக் காற்று வரம்பு எவ்வளவு, அன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று யார் முடிவெடுக்கிறார்? மழுப்புகிற பள்ளிக்கு நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மையத்தில் இருப்போம், வாருங்கள். பிள்ளையை நிறுத்திவிட நினைப்பவர்கள் ரசீதைக் கொண்டு வந்தால், நடந்த வகுப்புகள் போக மீதியைத் தந்துவிடுகிறோம்.