செஸ் பைத்தியங்களைப் பத்தி ஒரு லெட்டர்

டேய் செல்வா,

எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பையன் செஸ் கிளாஸ் சேர்ந்ததுலேர்ந்து சாப்பிடும்போது கூட பக்கத்துல போர்டு இருக்கணும்ங்கறான்னு புலம்பியிருந்தியே, அதைப் படிச்சதுமே இந்தப் படத்தைப் பத்தி உனக்கு சொல்லணும்னு ஆயிடுச்சு.

'செஸ் ஃபீவர்'னு 1925ல வந்த ரஷ்ய ஊமைப்படம், அரை மணி நேரம் கூட ஓடாது. புடோவ்கினும் ஷ்பிகோவ்ஸ்கியும் எடுத்தது. அந்த வருஷம் மாஸ்கோல மெட்ரோபோல் ஹோட்டல்ல பெரிய சர்வதேச டோர்னமென்ட், ஊரே செஸ் செஸ்னு அலைஞ்ச நேரம், இவங்க மார்ஷல், ரெட்டி மாதிரி பெரிய செஸ் ஆட்டக்காரங்க நிஜமாவே ஆடறதை படம்பிடிச்சு, அதைச் சுத்தி ஒரு காமெடி கதையைக் கட்டிட்டாங்க.

ஹீரோ ஒரு செஸ் வெறியன், தொப்பி, சாக்ஸ், கர்ச்சீப்னு உடம்பு பூரா கட்டம்தான், தனியா உக்காந்து ரெண்டு பக்கமும் அவனே ஆடிக்கிட்டு தன் கல்யாணத்தையே மறந்துடறான். அப்புறம் மன்னிப்பு கேக்க அந்தப் பொண்ணு முன்னாடி துணியை விரிச்சு முட்டி போடறான், துணியில கட்டம் இருக்கா, அவ்ளோதான், காயை எடுத்து அடுக்கிட்டான்! அங்க நான் வெடிச்சு சிரிச்சுட்டேன். அவ வெறுத்துப்போய் விஷம் வாங்கப் போனா மருந்துக்கடைக்காரனும் ஆடற மும்முரத்துல செஸ் காயைப் பொட்டலம் கட்டிக் குடுக்கறான்.

அப்ப எதிர்ல வர்றது யாரு? உலக சேம்பியன் காபாபிளாங்கா, சாட்சாத் அவரே! அவர் நிஜமா ஆடினது எது, படத்துக்காக நடிச்சது எதுன்னு பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒட்டியிருக்காங்க. புடோவ்கின் குலெஷோவ்ங்கற ரஷ்ய டைரக்டரோட சிஷ்யன்டா, தனித்தனி துண்டை ஒட்டினா புது அர்த்தம் பொறக்கும்னு சொன்ன குரு, அந்த வித்தையை சிஷ்யன் சிரிக்க வைக்க எடுத்துக்கிட்டான். அடுத்த வருஷமே 'தாய்' மாதிரி அழுத்தமான படம் எடுத்த ஆளு இவர்தான்னு நம்பவே முடியல. ஆனா கடைசில அந்தப் பொண்ணும் செஸ் பைத்தியமா மாறிடறது எனக்கு சப்புன்னு இருந்துச்சு, அவ்ளோ கோவம் எங்க போச்சு?

இன்னொண்ணு, படத்துல ஜம்முனு வர்ற காபாபிளாங்காவுக்கு நிஜத்துல அந்த டோர்னமென்ட்ல மூணாவது எடம்தான், ஜெயிச்சது போகோல்யுபோவ். நடுவுல லெனின்கிராட் போய் ஒரே நேரத்துல பல பேரோட ஆடினப்ப போட்வின்னிக்னு 14 வயசுப் பையன்கிட்ட வேற தோத்தார், அந்தப் பையன் 1948ல உலக சேம்பியன்!

ஊமைப்படம்தானே, நடுவுல வர்ற எழுத்தை மட்டும் பையனுக்கு நீ படிச்சு சொல்லிடு. தங்கச்சியும் கூட உக்காந்தா கல்யாணப் பொண்ணு கட்சிதான், உனக்கும் சேர்த்து திட்டு விழும், ரெடியா இரு.

என் முட்டி வலி இப்ப பரவால்ல, மாடிப்படி ஏறறேன். பொங்கலுக்கு ஊருக்கு வர்றியா இல்லையா, அதை மொதல்ல எழுது, டிக்கெட் போடணும்.

உன்
ராஜு