பாட்டு முன்னே, குறிகள் பின்னே: புதிய அப்டேட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தாள விளையாட்டில் ஒலியும் படமும் ஒத்துப்போகாதது

வணக்கம்.

உங்கள் விளையாட்டைப் பாட்டுத் தொகுப்புகளோடு காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவன் நான். கடைசி அப்டேட்டுக்குப் பிறகு பாட்டு போகப் போக, மேலிருந்து இறங்கும் குறிகள் (கீழே உள்ள கோட்டைத் தொடும்போது நாம் தட்ட வேண்டியவை) பின்தங்கிவிடுகின்றன. முதல் சரணம் வரை எல்லாம் சரி. அப்புறம் காதை நம்பித் தட்டினால் ‘மிஸ்’, கண்ணை நம்பித் தட்டினால் பாட்டோடு ஒட்டவில்லை.

ஏற்கெனவே எழுதியதற்குக் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழியுங்கள், ப்ளூடூத்தை விடுங்கள், ஆஃப்செட்டை (ஒலிக்கும் குறிக்கும் இடையே வைக்கும் நிலையான நேரத் திருத்தத்தை) மாற்றுங்கள் என்று பதில் வந்தது. நான் ஆடுவதே வயர் இயர்ஃபோனில்தான். ப்ளூடூத்தில் 200 மில்லிநொடி தாமதம் இருந்தாலும் பாட்டு முழுக்க ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும், அதற்கு ஆஃப்செட் போதும். இது வளர்ந்துகொண்டே போகிற தாமதம். முடிவுக்கு ஏற்ப ஆஃப்செட் வைத்தால் தொடக்கம் கெடுகிறது.

இன்னொரு போனில் நொடிக்கு 240 ஃபிரேம் (தனிப்படம்) வேகத்தில் படம் பிடித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் டிரம் அடியும் குறி கோட்டைத் தொடுவதும் ஒரே ஃபிரேமில். கடைசிப் பல்லவியில் குறி 23 ஃபிரேம் பின்னால், அதாவது சுமார் 96 மில்லிநொடி. நிமிடத்துக்கு 160 பீட் (தாள அடி) ஓடும் பாட்டில் கால் பீட்டே 94 மில்லிநொடிதான். ஆக, கால் பீட்டுக்கு ஒரு குறி வரும் இடங்களில், பாட்டைக் கேட்டு ஒரு குறிக்குத் தட்டினால் அது முந்தின குறியில் போய் விழுகிறது!

கிராஃபிக்ஸைக் குறைத்தால் இந்த விலகலும் குறைகிறது. நானும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குறிகளின் நேரத்தை ஃபிரேம் நேரங்களைக் கூட்டிக் கூட்டிக் கணக்கிடுகிறீர்கள் போலிருக்கிறது. படம் திக்கும் இடங்களில் அந்தக் கணக்கில் கொஞ்சம் நேரம் தொலைகிறது, பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஆடியோவிடமே கேட்டு, அதற்கேற்பக் குறியை வைக்க வேண்டும். போன் அந்த நிலையைத் துண்டு துண்டாகத்தான் தரும், இடைவெளியை நீங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த வகை விளையாட்டில் இது அடிப்படை வேலை.

வேறு சிலவும் உண்டு. 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறும்) திரையில் தட்டியதும் வரும் ஒளிச்சிதறல் இரண்டு மடங்கு வேகத்தில் மறைகிறது. 60-க்கு மாற்றினால் ஒழுங்காக இருக்கிறது. விரலை அழுத்திப் பிடிக்க வேண்டிய நீளக் குறியை விட்ட பிறகும் அதன் வால் திரையிலேயே தொங்குகிறது. வேகமாகத் தட்டினால் தட்டும் ஒலி பாதியில் வெட்டுப்பட்டு ‘டப்’ என்று இரைகிறது.

இவற்றை எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். அதுவரை பழைய பதிப்பை இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். இரண்டும் முடியாதென்றால், அப்டேட்டுக்குப் பின் நான் வாங்கிய தொகுப்புக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். வீடியோவையும் போன் மாடல் விவரத்தையும் இணைத்திருக்கிறேன். மறுபடி கேஷை அழிக்கச் சொல்லாமல், தயவுசெய்து இதைப் புரோகிராமர் ஒருவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்