அந்த இருநூறு பக்கங்களை வெளியிடுங்கள்

வால்வ் நிறுவனத்தின் கேம் உருவாக்குநர்களுக்கு,

வணக்கம். ஹாஃப்-லைஃப் என்ற உங்கள் கணினி கேம் வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2023 நவம்பரில் பழைய குழுவினரைப் பேசவைத்து ஓர் ஆவணப்படம் வெளியிட்டீர்கள். மனமார்ந்த நன்றி. அதன் தொடர்ச்சியாக ஒரு கோரிக்கை: அந்த கேமுக்காக நீங்கள் எழுதிய 200 பக்கங்களுக்கும் மேலான வடிவமைப்பு ஆவணத்தை வெளியிடுங்கள்.

1997 இறுதியிலேயே வந்திருக்க வேண்டிய கேம் அது. குவேக் என்ற கேமின் எஞ்சினுக்கு, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, உரிமம் வாங்கி, அதை உங்களுக்கு ஏற்ப மாற்றி, பெரும்பகுதி வேலையை முடித்தும் விட்டீர்கள். ஆனால் விளையாடிப் பார்த்தால் சுவாரசியமாக இல்லை. அங்கங்கே நல்ல விஷயங்கள் இருந்தன, அவை ஒன்றாகச் சேரவில்லை. ஒப்பேற்றி விற்றிருக்கலாம். நீங்களோ ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி தொடங்கினீர்கள். 1998 நவம்பரில் வந்தது அப்படி உருவான கேம்தான்.

அந்த ஓராண்டில் நடந்ததைத்தான் நாங்கள் படிக்க விரும்புகிறோம். சிறு குழு ஒன்று அதுவரை இருந்த நல்ல யோசனைகளை எல்லாம் ஒரே லெவலில், அதாவது கேமின் ஒரே கட்டத்தில், திணித்துப் பார்த்தது. அது ஏன் பிடிக்கிறது என்று அலசியபோது சில விஷயங்கள் தெளிவாயின. அடுத்த சம்பவம் நேரத்தைப் பொறுத்து வரக்கூடாது, ஆட்டக்காரர் கடக்கும் தூரத்தைப் பொறுத்து வரவேண்டும். அப்போது வேகம் அவர் கையில் இருக்கும். சுவரைச் சுட்டால் சுவரில் தடம் விழவேண்டும், அவர் செய்வதை அந்த உலகம் கவனிக்க வேண்டும். அப்புறம் 'கபால்' என்ற குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து, பொத்தான் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வரை, 200 பக்கங்களுக்கும் மேலான ஆவணம் ஒன்றை எழுதியது. இதையெல்லாம் உங்கள் குழுவைச் சேர்ந்த கென் பேர்ட்வெல் 1999-இல் விவரித்திருக்கிறார். வெளியாட்களை விளையாடவைத்து, பின்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை உதவி சொல்லாமல் குறிப்பெடுத்ததையும் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தான் உருவாக்கிய லெவலில் ஒருவர் வழி தெரியாமல் திணறுவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று இந்த வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

அந்த ஆவணத்தையும் அந்தச் சோதனைக் குறிப்புகளையும் முழுமையாக வெளியிடுங்கள். கைவிட்ட பழைய லெவல்களையும் சேர்த்துத் தாருங்கள். முடிந்த கேமை யார் வேண்டுமானாலும் வாங்கி விளையாடலாம். ஒரு அறை முதலில் எப்படி இருந்தது, எந்தக் குறிப்புக்குப் பிறகு மாறியது என்பதை அதில் பார்க்க முடியாது. முதல் கேமை எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்கு வேண்டியது அந்த ஒப்பீடுதான்.

முடிந்தால் எஞ்சின் மூலநிரலையும் யோசியுங்கள். குவேக்கின் நிரலை, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1999-இலேயே பொதுவில் வைத்துவிட்டது. உங்கள் இன்னொரு கேமான டீம் ஃபோர்ட்ரஸ் 2-இன் கேம் நிரலை நீங்களே 2025-இல் தந்தீர்கள். ஆனாலும் முதலில் வேண்டியது அந்த ஆவணம். அச்சுத்தாளில் மட்டும் இருந்தால் ஸ்கேன் செய்து போடுங்கள், கையெழுத்துக் கிறுக்கல்களை நீக்க வேண்டாம்.

அன்புடன்,
கேம் எழுதப் பழகுவோருடன் வேலை செய்யும் ஒரு நிரலாளர்