வைகை மணலில் வேண்டாம், கடலுக்குப் போவோம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ ஆர்டர் போட்ட மெட்டல் டிடெக்டர் வந்து சேர்ந்துவிட்டது என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை செல்லூர்ப் பக்கம் வைகைக்குள் இறங்கிப் பார்க்கப் போகிறாய் என்றும் உன் அம்மா போனில் சொன்னாள். தண்ணீர் திறந்துவிட்டால் என்ன செய்வாய் என்பது அவள் கவலை. என் கவலை வேறு. உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலரும் இதே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டதால், எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கிப் போன மறுநாள், சிறுவர்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு திரிவதை நீயும் பார்த்திருப்பாய். இப்போது புழங்கும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் எஃகு என்பதால் அவை காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் செம்பு நிக்கல் ரூபாய் ஒட்டாது. அந்தப் பிள்ளைகளை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மேலாக விழுந்ததை மேலாக எடுக்கிறார்கள். உன் கருவியோ ஒரு சாண் ஆழத்தில் கிடப்பதையும் காட்டிக்கொடுக்கும், மண்வெட்டியும் உன் கையில் இருக்கும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மதுரையில் வைகைப் படுகையிலிருந்து ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டபோது, சங்ககாலப் பாண்டியருக்குத் தாமே வெளியிட்ட காசு இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடைத்தது. இப்படிப்பட்ட காசுகள் சுண்டுவிரல் நகம் அளவில், பச்சைக் களிம்பு ஏறி, பார்ப்பதற்குப் பழைய வாஷர் துண்டு போல இருக்கும். சிலைமானைத் தாண்டி இருக்கும் கீழடியில் 2014-15 பருவத்தில் தொடங்கி இந்தியத் தொல்லியல் துறையும், 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் குழி போட்டு, மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வைப்பது ஏன் என்று யோசித்துப் பார். காசு காலத்தைச் சொல்வதைவிட, அது கிடந்த மண்ணடுக்கும் அதனோடு கிடந்த பானை ஓடும் கரியும் அதிகம் சொல்கின்றன. நீ அதைத் தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட நொடியில் அந்தப் பேச்சு நின்றுபோய், மிச்சம் இருப்பது ஒரு வாஷர் துண்டு மட்டும்தான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. (அன்றைக்குப் பத்து ரூபாய் பெரிய தொகை, இன்றைக்கு அதற்கு ஒரு டீ கிடைப்பதே கஷ்டம்.) 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள் ஆகிவிடுகிறது. வைகைக் கரை முழுவதற்கும், அந்த ஆறு கடலைச் சேரும் ஆற்றங்கரை, அழகன்குளம் பகுதிக்கும் நான் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: கருவியைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை. அழகன்குளம் பழைய துறைமுகம். அங்கேயும் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் கிடைத்திருக்கின்றன.

அப்படியானால் எங்கேதான் போவது என்று கேட்பாய். மாட்டுத்தாவணியில் விடியுமுன்பே இராமநாதபுரம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து உச்சிப்புளி வழியாக அரியமான் கடற்கரைக்குப் போ. சவுக்குத் தோப்பும் ஆழமில்லாத அமைதியான கடலும் இருப்பதால் விடுமுறை நாட்களில் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கழன்று விழுவதும் இருக்கும். நேற்று விழுந்ததைத் தேடுவதில் எந்த வரலாறும் கெடாது. ஆனாலும் கடலோரக் காவல்துறையினர் வந்து விசாரிப்பார்கள், ஏனென்றால் அது எல்லைக் கடல். முன்கூட்டியே நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. முதல் தடவை நான் சொல்லாமல் போய், என் காதில் இருப்பது ஹெட்போன்தான் என்று புரியவைப்பதற்கே அரை நாள் போயிற்று.

கருவி வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் அதன் மேல் கோபம் வராது. சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, இன்னொரு சுருள் அதைப் பிடித்து ஒலியாக்குகிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துமாதலால், அலை வந்து போகும் ஈர மணலில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் கருவி அனத்தும். கருமணல் கோடு போட்டிருக்கும் இடத்திலும் அப்படித்தான். உணர்திறனைக் குறைத்து வை. மெல்லிய தங்க மோதிரமும் கசங்கிய மாத்திரை அட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்கும் என்பதால், மோதிரம் வேண்டும் என்கிறவன் மாத்திரை அட்டைகளைப் பொறுக்கித்தான் ஆகவேண்டும். ஆறு வருடத்தில் நான் எடுத்தவற்றில் முக்கால்வாசி சோடா மூடி, வலையின் ஈயக் குண்டு, துருப்பிடித்த தூண்டில் முள், வள்ளத்து ஆணி. தாமரை போட்ட பித்தளை இருபது காசு ஒன்று கிடைத்தது. ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசும் கிடைத்தது. அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, இளநீர் விற்கும் அக்காவிடமும் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

கருவியைத் தரையை ஒட்டி, அரைவட்டமாக, ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வீசிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் நூறு அடிகூட நகர மாட்டாய். கடற்கரையில் வேறு யாரும் இவ்வளவு மெதுவாக நடப்பதில்லை. அதனால்தான் மற்றவர்கள் கண்ணில் படாதது நம் கண்ணில் படுகிறது. ஒருநாள் நல்ல சத்தம் ஒன்று கேட்டு மண்டியிட்டபோது, ஒரு முழம் தள்ளி நண்டு வளை ஒன்று இருந்தது. நான் அசையாமல் இருந்தேன். முதலில் தண்டு போல நீட்டிய இரண்டு கண்கள் மட்டும் வெளியே வந்தன. பிறகு மணல் நிறத்திலேயே உடம்பு. ஒரு பக்கத்துக் கால்களுக்குள் மணலை அணைத்துக்கொண்டு வந்து, வாசலிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வீசிவிட்டு, திரும்பி நின்று என்னைப் பார்த்தது. இப்படிப் பதினொரு தடவை. எனக்குச் சத்தம் கொடுத்தது ஒரு பேட்டரி மூடி.

விடிகாலையில் அடும்பங்கொடி ஊதாப் பூவாகப் பூத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் வாடிவிடும். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு உன்னை முந்திக்கொண்டு ஓடும். மார்கழி, தை மாதங்களில் உள்ளான் என்னும் சிறு பறவைகள் பின்வாங்கும் அலையைத் துரத்திக்கொண்டு போய், அடுத்த அலை வந்ததும் கால் நனையாமல் திரும்பி ஓடிவருவதைப் பார்க்கலாம். கூட்டமாக அவை இரை பொறுக்கும் இடத்துக்குள் கருவியை வீசிக்கொண்டு போகாதே, சுற்றிப் போ.

ஒன்றை மட்டும் வெட்கத்தோடு சொல்கிறேன். மாசி மாதக் காலை ஒன்றில், அலை எட்டாத மேட்டு மணலில் சத்தம் கேட்டுத் தோண்டத் தொடங்கினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார். டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியது போல ஒரு தடம் கடலிலிருந்து அந்த இடம் வரை வந்திருந்தது. நான் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். பங்குனி ஆமை இரவில் ஏறி வந்து, ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போயிருந்தது. என் சத்தம் வெறும் துருப்பிடித்த ஆணி. இன்னும் அரையடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. அந்த அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார், நான் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு தை முதல் சித்திரை வரை மேட்டு மணலை நான் தொடுவதில்லை. எந்த மாதமானாலும் தோண்டிய குழியை மூடாமல் எழுந்திருப்பதுமில்லை.

தனுஷ்கோடியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1964 டிசம்பர் புயலில் ஊரும் பயணிகள் ரயிலும் கடலோடு போன இடம் அது. அங்கே நடந்து பார், ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண்கடல், பருவத்தில் பூநாரைகளும் வரும். கருவி பேருந்துப் பையிலேயே இருக்கட்டும்.

இந்த வாரம் ஆற்றுக்குப் போகாமல், ஒரு வாளி மணலில் ஒரு ரூபாய், ஓர் ஆணி, ஒரு மாத்திரை அட்டை மூன்றையும் தனித்தனியாகப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லப் பழகு. அமாவாசைக்கு மறுநாள் கடல் நன்றாக உள்வாங்கும். அன்றைக்கு நாம் இருவரும் போவோம். உன் அத்தை புளியோதரை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தொப்பியும், குப்பை போட ஒரு பழைய சாக்கும் நீ கொண்டு வா.

அன்புடன்,
உன் மாமா