வாடகைக்கு விடும் முன்

அன்புள்ள கயலுக்கு,

மேடவாக்கம் பிளாட்டை அடுத்த மாதம் வாடகைக்கு விடப் போவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் ஆள் தேடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

வீட்டுக்குள் கரண்ட் பிரிந்து போகும் டிபி பெட்டியில் வரிசையாக எம்சிபி இருக்கும், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். அது ஒயரைத்தான் காப்பாற்றும். ஹீட்டர் பழுதாகிக் குளிக்கிற தண்ணீரில் கரண்ட் இறங்கினால், உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இருக்காது. உயிர் போக அது போதும். 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று கவனித்து, வித்தியாசம் வந்தவுடன் துண்டிப்பது ஆர்சிசிபி. அதன்மேல் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்கச் சொல். 100, 300 என்றும் கடையில் தருவார்கள். ஆளைக் காப்பாற்ற அவை உதவாது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது, அதைத் தனியாகப் பார்க்கச் சொல். சில வீடுகளில் ஆர்சிசிபி ஓயாமல் விழும். பெரும்பாலும் இரண்டு லைனின் நியூட்ரல் கலந்திருக்கும், அல்லது பழைய ஹீட்டர் கசியும். அதைத் தேடாமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து ஒயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் உன் ஆள் ஒருவர் எதிரிலேயே பொத்தானை அழுத்திக் காட்டட்டும்.

குடியிருப்பவர் தன் ஏசியைக் கொண்டுவந்து மாட்டுவார். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி தனியாக வேண்டும். மெல்லிய ஒயரில் மாட்டி எம்சிபி விழுந்தால், 32 ஆம்பியர் எம்சிபி போட்டுச் சமாளிப்பார்கள். அப்புறம் எம்சிபி விழாது, சுவருக்குள் ஒயர்தான் உருகும். கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கவே விடாதே. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமே கிடையாது. அடுப்பு ரப்பர் குழாய்க்கு ஆயுள் 5 வருஷம்.

இனி ஆட்கள் விஷயம். டொரொண்டோவில் இருக்கும் உன்னைப் போன்றவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. ஒருவன் நல்ல வாடகை தருகிறேன் என்று வீட்டை எடுப்பான். நீ சாவி கொடுத்ததும், வேறொரு குடும்பத்திடம் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விட்டுவிடுவான். ஊரில் இதை லீஸ் என்பார்கள். சில மாதம் வாடகை ஒழுங்காக வரும். பிறகு ஆள் இருக்கமாட்டான். உள்ளே இருக்கிறவர்கள் பணம் கொடுத்தவர்கள், அவர்களும் ஏமாந்தவர்கள்தான். எளிதில் காலி செய்ய மாட்டார்கள். அதனால் குடியிருக்கப் போகிறவரோடு நேராகவே ஒப்பந்தம் போடு. வீடியோ காலில் பேசு, ஆதாரை ஒப்பிடு, போலீஸ் சரிபார்ப்புக்குக் கொடு. உள்வாடகை கூடாது என்று எழுது. இங்கே யாருக்காவது உன் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்தால் வாடகை வேலைக்கு மட்டும் கொடு, விற்கும் அதிகாரத்தைத் தொடவே தொடாதே. வீட்டின் மேல் விற்பனையோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். அவ்வப்போது பார்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஊர் வழக்கப்படி பத்து மாதம் வாங்கினால் பாதுகாப்பு என்பது என் கணக்கில் சரியில்லை, காலி செய்யும் நாளில் அத்தனையையும் நீதானே புரட்ட வேண்டும்? வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் தப்பு உன் பக்கம் திரும்பிவிடும்.

கதவுப் பூட்டின் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், பழைய சாவி யார் யாரிடம் இருந்தாலும் கவலையில்லை. முதலில் அந்த டிபி பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எந்த எம்சிபி எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா