ஒன்பதாம் வகுப்புக் கணிதத் தேர்வில் அந்த 5 மதிப்பெண் கேள்வி: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். கணித மாதத் தேர்வின் விடைத்தாள்கள் போன வாரம் வீட்டுக்கு வந்திருக்கும். அதில் ஒரு கேள்வியைப் பற்றி நான்கைந்து பேர் நேரிலேயே வந்து கேட்டுவிட்டீர்கள். ஒருவர் கேட்டது நியாயமானது: "என் பொண்ணு ஒரு புள்ளியையாவது சரியா எழுதியிருக்கா, அவளுக்கு 1. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூணு புள்ளியும் தப்பு, அவனுக்கு 3. இது என்ன கணக்கு சார்?" ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருப்பதால் இந்தப் பருவம் அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். தாளைத் திருத்தியதும் நான்தான்.

கேள்வி இதுதான். ஏ(1, 2), பி(4, 2), சி(1, 6) என்ற முக்கோணத்தை (5, −3) என்ற வெக்டரால் இடம்பெயர்த்து வரைக. அதாவது முக்கோணத்தைத் திருப்பாமல், கவிழ்க்காமல், வலப்பக்கம் 5 கட்டம், கீழே 3 கட்டம் நகர்த்த வேண்டும். விடை (6, −1), (9, −1), (6, 3).

அந்தப் பெண் ஏ புள்ளியை மட்டும் (6, −1)க்குக் கொண்டுபோய்விட்டு, மற்ற இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். உங்கள் வீட்டில் வரைபடத்தாள் இருந்தால் அதை வரைந்து பாருங்கள். பக்கங்கள் 3, 4, 5 என்று இருந்த செங்கோண முக்கோணம் தென்னை ஈர்க்கு மாதிரி ஒடுங்கிப் போயிருக்கும். பரப்பு முதலில் 6 சதுர அலகு. இப்போது அரை சதுர அலகுதான். கூட்டல் சரி, ஆனால் உருவமே மாறிவிட்டது.

பையன் 5ஐயும் −3ஐயும் இடம் மாற்றிக் கூட்டியிருக்கிறான். அவன் முக்கோணம் (−2, 7), (1, 7), (−2, 11) என்று மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. இடம் தவறுதான். ஆனால் மூன்று முனைகளும் ஒரே அளவு, ஒரே திசையில் போயிருக்கின்றன. பக்கங்கள் அதே 3, 4, 5. இடப்பெயர்வு என்றால் என்ன என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது, எந்த எண் எந்த அச்சுக்கு என்பதில்தான் சறுக்கியிருக்கிறான். அதற்குத்தான் அந்த 3. மதிப்பெண்ணை மாற்றப் போவதில்லை.

என் பக்கமும் ஒரு பிழை உண்டு. வெக்டரைப் புள்ளி மாதிரியே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டேன். விளைவு, பல பிள்ளைகள் (5, −3) என்று தாளில் ஒரு புள்ளி வைத்து, அதையும் முக்கோணத்தோடு சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி நாற்கரமே வரைந்துவிட்டாள்! வெக்டர் ஓர் இடம் அல்ல, ஒரு நகர்வு. செஸ் ஆடும் வீடுகளில் சொல்லிக் கொடுப்பது சுலபம். ஜி1 கட்டத்துக் குதிரை எஃப்3க்குத் தாவினால் இடப்பக்கம் 1, மேலே 2. அதே தாவலை பி1இல் இருக்கும் குதிரை செய்தால் ஏ3க்குப் போகும். கட்டங்கள் வேறு வேறு, தாவல் ஒன்றேதான்.

"வெக்டர் பிளஸ் ஒன் பாடமாச்சே, இப்பவே எதுக்கு?" என்றும் கேட்டார்கள். வெக்டர் இயற்கணிதம் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது, உண்மை. ஆனால் ஆயத்தொலை வடிவியலும், அறிவியலில் தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாடும் ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு வைத்தால், பிளஸ் ஒன்னில் வெக்டரைக் குறிக்கும் அம்புக்குறியைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரள மாட்டார்கள். நான் பல ஆண்டு பிளஸ் ஒன் எடுத்தவன், அந்த மிரட்சியைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ட்யூஷன் எதுவும் வேண்டாம். டைல்ஸ் தரையில் ஒரு ஸ்டூலை வைத்து, "திருப்பாம வலப்பக்கம் 3 டைல், முன்னால 2 டைல் தள்ளு" என்று சொல்லுங்கள். பிறகு நான்கு கால்களும் எத்தனை டைல் நகர்ந்தன என்று தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் முன்னங்கால் 3 டைல், பின்னங்கால் 2 டைல் என்று பதில் வந்தால் ஸ்டூல் திரும்பியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இதே கேள்வியை வேறு எண்களுடன் எல்லோருக்கும் மறுபடி கொடுக்கிறேன். கிராஃப் நோட்டு, ஸ்கேல், கூர்மையான பென்சில் கொடுத்தனுப்புங்கள். பழைய விடைத்தாளில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்